எங்கள் கதவை மட்டும் தட்டாமல் போன மனிதர்

அன்புள்ள மருமகன் டெட்லெஃபுக்கு,

மாமா கெப்ஹார்ட் எழுதுவது. நானும் உன் அத்தை எல்ஃப்ரீடேயும் இங்கே சௌக்கியம். கோட்டிங்கனில் உன் நெஞ்சுச்சளி கரைந்து நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தொழில்பெயர்கள் பிறந்த கதையைச் சொல்லும் உன் புத்தகம் வந்து சேர்ந்தது. இன்று மிடுக்காக நிற்கும் மார்ஷல், பழைய ஜெர்மனில் வெறும் குதிரைக்காரன் என்று படித்து அத்தை வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் 'லைஷன்பிட்டர்' பற்றி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். 'லைஷ' என்றால் பிணம், 'பிட்டன்' என்றால் வேண்டி அழைப்பது, ஆகவே வீடு வீடாகப் போய் இழவுக்கு அழைத்தவர், அச்சடித்த அட்டை வந்ததும் அந்தத் தொழில் செத்துவிட்டது, உம்மென்று இருப்பவனை 'லைஷன்பிட்டர் மூஞ்சி' என்று திட்டுவது மட்டுமே மிச்சம் என்கிறாய். தப்பு, மாப்பிள்ளை. அந்த ஆள் செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவுக்கு வந்தார்.

பீன்ஸ் கொடிக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தேன். உயரமான கறுப்புத் தொப்பி, கறுப்புத் துணி கட்டிய தடி, நீ எழுதிய அதே மூஞ்சி. எதிர்வீட்டு ஹின்னர்க்கின் கதவைத் தடியால் தட்டினார், கையால் தொடவில்லை, வாசற்படி தாண்டவில்லை. "சனிக்கிழமை அடக்கம். குடும்பத்தோட வந்து சேரணும்." ஹின்னர்க், "செத்தது யாருய்யா?" என்றான். "சனிக்கிழமை தெரியும்" என்றார். அடுத்து தீமன் அம்மாள் வீடு, அடுத்து ரொட்டிக்கடை, அடுத்து பாதிரியார் வீடுகூட. எங்கள் வேலிக்கு வந்தவர் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! இந்தத் தெருவில் ஒரு சாவுக்காவது நான் போகாமல் இருந்திருக்கிறேனா? கொம்பும் கையுமாக ஓடி, "ஏன்யா, நாங்க மனுஷங்களாத் தெரியலையா?" என்று கத்தினேன். திரும்பவே இல்லை. ஹின்னர்க்தான் மெதுவாகச் சொன்னான்: "கத்தாதீங்கண்ணே. இழவு வீட்டையே எவனாவது இழவுக்கு அழைப்பானா?"

தெருவில் எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் காவல் காக்கிறோம். அவள் ஏறி விழுந்துவிடக் கூடாதென்று நான் ஏணியை ஒளித்துவைத்தேன், அவள் என் தட்டிலிருந்து தொத்திறைச்சியை எடுத்துவிட்டாள், நான் இருமினால் அவள் ஓடி வருகிறாள், அவள் பேசாமல் இருந்தால் நான் ஓடுகிறேன். தெரு முழுக்க வெண்ணெய்க் கேக் வாசனை, அடக்கத்துக்குப் பின் காபியோடு தருவார்களே அதேதான். தீமன் அம்மாள் வந்து, "காபிக்கு எத்தனை பேருக்குச் சொல்லட்டும்?" என்று அத்தையிடம் கேட்கிறாள், கண் மட்டும் என் மேல். நேற்று அத்தை, "என்னங்க, நீங்க முந்திக்காதீங்க, எனக்கு அந்த அடுப்பைக்கூடத் தனியாப் பத்தவைக்கத் தெரியாது" என்றாள். அவள் முந்திக்கொண்டால் நான் என்ன செய்வேன்? பயமாக இருக்கிறது, டெட்லெஃப். பிள்ளை இல்லாத எங்களுக்கு நீதான் எல்லாம். சனிக்கிழமைக்குள் வந்துவிடு. புத்தகத்தில் அந்தப் பக்கத்தையும் திருத்திவிடு.

ஆண்டவர் உனக்கு எங்கள் ஆயுளையும் சேர்த்துத் தரட்டும். அத்தையின் முத்தங்கள்.

உன் மாமா,
கெப்ஹார்ட்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு! உறையை ஒட்டும் நேரத்தில் தடிச் சத்தம். அவரேதான். எங்கள் இருவரையும் முறைப்படி அழைத்துவிட்டார். அப்படியானால் இழவு எங்கள் வீட்டில் இல்லை! சந்தோஷத்தில் அத்தை இரண்டு கிளாஸ் சாராயம் ஊற்றினாள். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நெருங்கின சொந்தத்தைக் கடைசியாத்தான் அழைக்கிறது வழக்கம்" என்றார். அது மண்டையில் ஏறுவதற்குள், "கோட்டிங்கன்ல எங்க மருமகன் இருக்கான், அவனையும் அழைச்சிடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். தொப்பியைக் கழற்றினார். "அந்த வீட்டுக்கு நான் போறதில்லைங்க."

அத்தை உன் போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறாள். எடு, மாப்பிள்ளை.