பந்தில்லாத பதினான்கு கழகங்கள்

பந்தை உதைக்கிறவர் ஒரு வகை. அதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவர் இன்னொரு வகை. இவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. இங்கே நீங்கள் பார்க்கப் போவது மூன்றாவது வகை: கால்பந்தை வளர்க்கிறவர்.

இவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் வருகிற பரிசளிப்புப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வென்ற பிள்ளைகள் பின்வரிசையில் பாதி முகத்தோடு எம்பி நிற்பார்கள். முன்வரிசையில், நடு நாற்காலியில், சலவைச் சட்டையும் சட்டையில் குத்திய துணிப் பூவுமாக, தானே வியர்வை சிந்தி வென்றதுபோல் கோப்பையைத் தொடையில் நிறுத்திப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். கால்பந்து உலகெங்கும் ஒரே ஆட்டம் என்கிறார்கள். இருக்கலாம். அதை வளர்க்கிற இனமும் உலகெங்கும் ஒன்றே. மொழி மாறும், கழுத்தில் விழுகிற துணி மாறும், நாற்காலி மட்டும் மாறாது.

நம் பக்கத்து உதாரணம், நாமக்கல் ஜீவானந்தம்.

ஜீவானந்தத்தின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் மத்தியப் பிரதேசத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருக்க, அவர் இங்கே ஏசி அறையில் உட்கார்ந்து கொல்லி–காவிரி வட்டாரக் கால்பந்து மேம்பாட்டுச் சங்கத்தை மேம்படுத்திக்கொண்டிருந்தார். ஆப்சைடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. ஒருமுறை ஐரோப்பாச் சுற்றுலா போனபோது, ஜூரிச் நகரில் உலகக் கால்பந்து அமைப்பின் தலைமையகத்துக்கு எதிரே பேருந்தை நிறுத்தச் சொல்லி, வாசலோரம் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சு “ஜூரிச்ல நான் பேசிட்டிருந்தப்ப” என்றுதான் தொடங்கும். அது பொய் என்று சொல்ல முடியாது. பேருந்து ஓட்டுநரிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஜூரிச்சிலிருந்து அவர் கொண்டுவந்தது சாக்லேட் மட்டுமல்ல, ஒரு தத்துவமும்கூட. அதைச் சங்கக் கூட்டங்களில் கண்ணில் நீர் முட்டச் சொல்வார்.

“உலகத்துல இருநூத்திப் பதினோரு சங்கமுங்க. பிரேசிலுக்கும் ஒரு ஓட்டு. கடலுக்கு நடுவுல, நம்ம எருமப்பட்டி அளவுக்குக்கூட ஆளில்லாத தீவுக்கும் ஒரு ஓட்டு. என்ன சமத்துவம் பாத்தீங்களா!”

சமத்துவம்தான். சின்ன நாடுகளையும் மதிக்க வேண்டுமென்று யாரோ நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் அதிலிருந்து ஜீவானந்தம் கற்றுக்கொண்டது வேறு. தீவு இருந்தால் ஓட்டு உண்டு. தீவு இல்லையா? உண்டாக்கு! செவ்வாய்ப்பேட்டை யுனைடெட் என்று ஒரு கழகம் பிறந்தது. ஒரு துணிக்கடை முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, ஒரு ரப்பர் முத்திரை ஆகிய மூவரும் சேர்ந்தது அந்த அணி. ஆத்தூரில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் மாடியறையில் ஆத்தூர் ரோவர்ஸ் பிறந்தது; அதன் செயலாளர் ஜீவானந்தத்தின் மச்சான் அன்பரசு, மூச்சு வாங்காமல் மாடியேற முடியாதவர். இப்படியே பதினான்கு கழகங்கள். பதினான்குக்கும் முத்திரை உண்டு, கடிதத்தாள் உண்டு, ஓட்டு உண்டு. பந்து?

அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஒருவர் மூன்று முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாதென்று விதி. விதியை மதிப்பவர் ஜீவானந்தம். மூன்றாம் முறை முடிந்ததும் தலைவர் பதவியை மனைவி பெரியநாயகிக்குக் கொடுத்துவிட்டு, தான் ‘செயல் தலைவர்’ ஆகிக்கொண்டார். பெரியநாயகிக்குச் செய்தி பால்காரர் மூலம் தெரிந்தது.

“ஏனுங்க, என்னயத் தலைவின்னு நோட்டீசுல போட்டிருக்கீங்களாமா?”

“ஆமா அம்மிணி. உனக்கொண்ணும் வேலையில்ல. கூட்டத்துக்குக்கூட வர வேண்டாம்.”

“கூட்டத்துக்கு வராம என்னங்க தலைவி?”

“வந்தாத்தான் சிக்கல்.”

இந்தத் தீவுக்கூட்டத்துக்கு வெளியே, உண்மையிலேயே பந்து உருண்ட இடம் ஒன்று இருந்தது. எருமப்பட்டிப் பக்கம், தண்ணீர் வற்றிய ஏரிக்குள், மூங்கில் நட்ட கோல் கம்பங்களுக்கு நடுவே, உள்ளூர்ப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை ஜோதி பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினாள். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்களின் பிள்ளைகள், மரவள்ளிக்காட்டுப் பிள்ளைகள். அணித்தலைவி நித்யஸ்ரீ இடதுகாலால் அடித்தால் பந்து காற்றிலேயே வளைந்து போகும். ஆனால் மாநில அணித் தேர்வுக்குப் போக வேண்டுமானால் சங்கத்தில் உறுப்பினரான ஏதாவதொரு கழகத்தின் முத்திரை வேண்டும். முத்திரையில்லாமல் போய் இரண்டு முறை வாசலோடு திரும்பி வந்தவள் அவள்.

ஜோதி தன் அணியைச் சங்கத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிலும் வந்துகொண்டே இருந்தது. உறுப்பினராக வேண்டுமானால் சங்கப் போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும்; சங்கப் போட்டிகளில் ஆட வேண்டுமானால் உறுப்பினராக இருக்க வேண்டும். அப்பழுக்கற்ற விதி. உருண்டையான விதி. அந்தச் சங்கத்தில் உருண்டையாக இருந்தது அது ஒன்றுதான்.

அப்புறம்தான் ஜீவானந்தத்தின் தலையில் இடி விழுந்தது. பெண்கள் அணியை மாநிலப் பார்வையாளர் முன்னால் ஆட வைக்காத வட்டாரச் சங்கத்துக்கு, வரப்போகும் மாநிலத் தேர்தலில் ஓட்டில்லை என்று மேலிடம் அறிவித்தது. அந்தத் தேர்தலில்தான் ஜீவானந்தத்துக்கு மாநிலத் துணைத்தலைவர் பதவி பேசி முடித்திருந்தார்கள். பதினான்கு கழகங்களையும் சலித்தெடுத்தும் ஓடக்கூடிய ஒரு பெண் கிடைக்கவில்லை. அன்பரசு ஒரு யோசனை சொன்னார்.

“மச்சான், ஜவ்வரிசி ஆலைப் பொண்ணுங்களுக்கு பனியன் மாட்டி நிறுத்திரலாமா?”

“நிறுத்தலாம். ஓடணுமே!”

கார் எருமப்பட்டி ஏரிக்கரையில் புழுதி கிளப்பி நின்றது. ஜோதி விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

“வாங்க தலைவருங்க. வழி தப்பி வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சரம்மா. உங்க புள்ளைகள நான் நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கறன்.”

“நெஞ்சுல எடம் நெறையத்தான் இருக்குதுங்க. சங்கத்துலதான் எடமில்லீன்னுட்டீங்க.”

ஜீவானந்தம் சிரித்தார். இந்த இனத்துக்குச் சிரிப்பு எப்போதும் கைவசம் இருக்கும். ஜோதி சிரிக்கவில்லை. பிள்ளைகள் ஆடுவார்கள், ஆனால் ஆட்டம் முடிந்ததும் அணியைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்றாள். ஏரிக்கரைக் கருப்பனார் கோயில் இருந்த திசையில் கையை நீட்டி, “சாமி சத்தியமா சேத்தறனுங்க” என்றார் ஜீவானந்தம். அந்த நிமிடத்தில் அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் இந்த இனத்தில் மிகவும் பயங்கரமான விஷயம். சொல்லும்போது உண்மையாகவே சொல்வார்கள்.

ஆட்ட நாள் வந்தது. ஏரிக்குப் பக்கத்துப் பள்ளி மைதானம். ஆற்றுக்கு அக்கரை மாவட்டத்திலிருந்து அறிவழகன் என்ற பயிற்சியாளர் தன் பெண்கள் அணியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாநிலப் பார்வையாளர் கதிர்வேல் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏற்பாடெல்லாம் அமர்க்களம். ஒரே ஒரு குறை. வெளிச்சம் அங்கேதான் படத்துக்கு நன்றாக விழுகிறதென்று புகைப்படக்காரர் சொன்னதால், மேடையை மைதானத்தின் நடுக்கோட்டின் மேலேயே போட்டுவிட்டார்கள். தொடக்க விழா முடிந்ததும் பிரித்துவிடலாம் என்று ஏற்பாடு.

தொடக்க விழா முடிந்தால்தானே? குத்துவிளக்கு ஏற்றினார்கள், காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினார்கள். பதினான்கு கழகங்களின் செயலாளர்களும் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக வெயிலில் நின்றார்கள். பிறகு ஜீவானந்தம் எழுந்து ஒலிபெருக்கியைத் தட்டி, “ஜூரிச்ல நான் பேசிட்டிருந்தப்ப” என்று ஆரம்பித்தார். உலகக் கால்பந்தின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். ஆப்பிரிக்காவை முடித்து ஓசியானியாவுக்குள் அவர் நுழைந்தபோது வெயில் தணிந்து, பனைகளின் நிழல் மேடையைத் தொட்டிருந்தது. நித்யஸ்ரீ மேடையோரம் வந்து நின்றாள்.

“சார், வெளிச்சம் போவுதுங்க சார்.”

“ரெண்டே நிமிசம் சாமி. தென்னமெரிக்கா மட்டுந்தான் பாக்கி.”

நித்யஸ்ரீ திரும்பிப் போய் ஜோதியைப் பார்த்தாள். ஜோதி அறிவழகனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். இரண்டு அணிகளும் கரையேறி ஏரிக்குள் இறங்கின. விசில் ஒலித்தது.

முதலில் பின்வரிசையில் ஒரு நாற்காலி திரும்பியது. அப்புறம் நான்கு. அப்புறம் வரிசையே எழுந்து நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தது. கதிர்வேலும் போய்விட்டார். துணிக்கடைக் கணக்குப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார். முதலாளி கண் காட்டினார். செவ்வாய்ப்பேட்டை யுனைடெட் முழு பலத்தோடு கிளம்பியது. மேடையில் மிஞ்சியது அன்பரசு. இறங்குவதற்குப் படி செங்குத்தாக இருந்தது.

ஜீவானந்தம் பேச்சை நிறுத்தவில்லை. முதுகுகளைப் பார்த்துப் பேசினார். இத்தனை செய்தும் ஒழுங்கு என்பது இந்த ஜனங்களுக்கு வரவே வராதா என்று நினைத்தார். ஆனால் மேடை உயரமாக இருந்தது. அங்கிருந்து ஏரி முழுக்கத் தெரிந்தது. பார்க்க வேண்டாம் என்றாலும் கண் போனது. மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு ஒரு பெண் பந்தோடு வந்தாள். இடதுகாலை வீசினாள். பந்து வெளியே போவதுபோல் போய், மனம் மாறியதுபோல் வளைந்து, மூங்கிலுக்கு உட்புறமாக நுழைந்தது.

“அடி சக்கை!”

ஒலிபெருக்கி அதை எருமப்பட்டிக் கடைவீதி வரைக்கும் கொண்டுபோனது. கத்தியது யாரென்று ஒரு கணம் ஜீவானந்தத்துக்கே தெரியவில்லை. கை இரண்டும் மேலே இருந்தன. பொன்னாடை கீழே கிடந்தது. கரையிலிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது; கேலிச் சிரிப்பு அல்ல, தங்களில் ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எத்தனையோ ஆண்டுகளாக வளர்த்த ஆட்டத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இது வேறு கதை. நல்ல கதை.

பார்வையாளர் திருப்தியாக அறிக்கை அனுப்பினார். செய்தித்தாளில் படம் வந்தது: நடுவில் ஜீவானந்தம், கையில் பந்து. மாநிலத் துணைத்தலைவர் பதவியும் வந்தது. அதற்குப் பிறகு, எருமப்பட்டி அணியைச் சேர்ப்பதா என்று முடிவு செய்ய நிர்வாகக் கூட்டம் கூடியது. ஜோதி கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“சேர்க்கறதுக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க” என்றார் அன்பரசு.

பதினான்கு பேரும் ஜீவானந்தத்தின் கையைப் பார்த்தார்கள். மேசைமேல் கிடந்த அந்தக் கை லேசாக அசைந்தது என்றே சொல்ல வேண்டும். அந்தப் பந்து வளைந்த வளைவு அவர் கண்ணுக்குள் இன்னும் இருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. இன்றைக்கு எருமப்பட்டி வரும். அதைப் பார்த்து நாளைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். பந்து வைத்திருக்கிறவர்களெல்லாம் ஓட்டும் வைத்துக்கொண்டால், பந்து இல்லாதவர்கள் எங்கே உட்காருவது?

கை எழவில்லை. விதி இடம் தரவில்லை என்று தீர்மானம் ஆனது.

“சத்தியம் பண்ணுனீங்களே” என்றாள் ஜோதி.

“நான் சேத்தத்தான் சொன்னனுங்க டீச்சரம்மா. ஜனநாயகம் ஒத்துக்கலியே!”

ஜோதி சண்டை போடவில்லை. அறிவழகனுக்குப் போன் செய்தாள். எருமப்பட்டிப் பிள்ளைகள் இப்போது சனிக்கிழமைகளில் முதல் பேருந்து ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, அக்கரை மாவட்டச் சட்டையில் ஆடுகிறார்கள். நித்யஸ்ரீ மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டாள். பெயருக்கு நேரே அக்கரை மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. ஏரிக்குள் இருந்த மூங்கில்களை யாரோ அவரைக்கொடிப் பந்தலுக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்தபோது பெரியநாயகி கேட்டாள்: “அந்தப் புள்ள போயிருச்சாமே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?”

தோன்றாமல் என்ன? இரண்டு வாய் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வாயில் வழி பிறந்துவிட்டது. அந்த ஆண்டறிக்கையில் எழுதினார்: ‘நமது வட்டாரத்தில் பெண்கள் கால்பந்து எந்த அளவுக்கு வளர்ச்சி கண்டுள்ளதென்றால், அண்டை மாவட்டத்துக்கு வீராங்கனைகளை ஏற்றுமதி செய்யும் நிலையை அடைந்துள்ளோம்.’ பதினான்கு கழகங்களும் கைதட்டி ஏற்றுக்கொண்டன.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உங்களுக்கு ரிக் வண்டி கிடையாது, ஜூரிச் போனதில்லை, கால்பந்தின் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஆகவே நீங்கள் அந்த இனமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். உங்கள் குடியிருப்பில் ஒரு சின்ன நூலகம் இருக்கிறதே, புத்தகங்களைப் பிள்ளைகள் கிழித்துவிடுவார்களே என்ற அக்கறையில் நீங்கள்தானே பொறுப்பெடுத்துப் பூட்டி வைத்தீர்கள்? அந்தச் சாவி இப்போது எங்கே இருக்கிறது?

மெதுவாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பாருங்கள்.