மொட்டை மாடியில் முப்பத்தெட்டு வீடு

"இந்த மாவட்டத்துலயே பரம ஏழை யாரு, சொல்லு பாப்போம்?" என்று கேட்டார் மேலாளர் ஜெகதீஷ்.

ரேணுகா வாய் திறக்குமுன் அவரே பதிலும் சொன்னார்.

"ஏலக்கா எஸ்டேட் ராக்கையா!"

போடி கணக்கெடுப்பு அலுவலகத்துக் கணினியில் வறுமை வரைபடம் விரிந்து கிடந்தது. வசதிக்குப் பச்சை, வறுமைக்குச் சிவப்பு. குரங்கணிக்கு மேலே ராக்கையாவின் பங்களா மட்டும் பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது.

ரேணுகா படத்தைப் பெரிதாக்கினாள்; முப்பத்தெட்டுப் புள்ளிகளும் அந்தப் பங்களாமேல் குவிந்து கிடந்தன. மேலூத்து மலைக்கிராமத்தில் முப்பத்தெட்டு வீடும் ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவள் அவள்தான். "இங்கன சிக்னல் கெடையாது தாயி. கீழ ராக்கையா மாடிக்குப் போ" என்று அந்த ஊர்க் கிழவி செல்லத்தாய் அன்று வழிகாட்டினாள். அந்த மாடியில் நின்றுதான் அத்தனையையும் அனுப்பினாள். அனுப்பிய இடத்தையே வீடு இருக்கும் இடமாக டேப்லெட் எழுதிக்கொண்டுவிட்டது.

"சாயங்காலம் படம் சென்னைக்குப் போகணும். தப்பாப் போச்சுன்னா உன் ஒப்பந்த வேலையும் கூடவே போயிரும்" என்றார் ஜெகதீஷ்.

பக்கத்து எஸ்டேட் பங்களாக்கள் நாலைச் சேர்த்தால் சிவப்பு வெளுக்குமே என்று சேர்த்தாள். அதுவோ அக்கம்பக்கத்தைக் கூட்டிச் சராசரி பார்க்கிற கணக்கு. முப்பத்தெட்டுக்கு முன்னால் நாலு எம்மாத்திரம்? அந்த நாலு முதலாளிகளும் ஏழையானார்கள்.

"தனியாத் தவிச்ச மனுசனுக்குத் துணை சேத்துட்டியாக்கும்?"

புள்ளிகளைக் கையாலேயே மேலூத்துக்கு நகர்த்தினாள். மௌஸ் வழுக்கியது. முப்பத்தெட்டும் மலைமுகட்டைத் தாண்டின.

"சபாஷ்! நம்ம வறுமை கேரளாவுக்குக் குடிபோயிருச்சு."

பதறிப்போய்ச் செய்ததையெல்லாம் ரத்து செய்தாள். புள்ளிகள் சமர்த்தாக மாடிக்கே திரும்பின. அதே பதற்றத்தில் 'அனுப்பு' என்பதையும் அமுக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் சென்னை அதிகாரியின் ஜீப்பு ராக்கையா வாசலில் நின்றது. பின்சீட்டில் ரேணுகா உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஏழையா சார்?" என்று குதித்தார் ராக்கையா. "படம் வாட்சப்புல வந்ததுலருந்து சம்பந்தகாரன் தெனமும் துக்கம் விசாரிக்கிறான்! அரிசி மூட்டை அனுப்பவாங்கிறான்!"

"அப்போ அந்த முப்பத்தெட்டுக் குடும்பம்?"

"இந்தா நிக்கிறாகள்ல!" அதிகாரி வருவது தெரிந்து ரேஷன் கார்டும் கையுமாக இறங்கிவந்து வாசலில் நின்ற மேலூத்துச் சனத்தைக் காட்டினார். "கூரை ஒழுகுது, பாதை கெடையாது, நோக்காடுன்னா டோலி கட்டித்தான் தூக்கணும். வெரசா எழுதுங்க!"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "பாதைக்குத் தோட்டத்துல இடம் விட மாட்டேன்னு பத்து வருசமா மறிக்கிறது நீங்கதானே?"

"விடுறேன் சார்! நட்ட நடுவுலயே போடுங்க. என் தலையில இருக்கிற செவப்பை மட்டும் எடுங்க!"

சொன்ன வாய் மூடுவதற்குள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார். அதிகாரி படத்தைத் திருத்தச் சொன்னதோடு விட்டுவிட, ரேணுகாவின் வேலை தப்பியது.

அவள் செல்லத்தாயிடம் போய்த் தலைகுனிந்தாள். "மன்னிச்சுக்க ஆத்தா. உங்க ஊர்ல மட்டும் சிக்னல் இருந்திருந்தா இந்தக் கூத்தே நடந்திருக்காது."

"சிக்னலா? எங்க கோயில் பாறையில அது போன்ல நாலு கோடு நிக்கும் தாயி. ஆபீசருக ஜீப்புதான் இந்த வாசலைத் தாண்டி மேல ஏறாது. அதான் ஊரையே இங்கன எறக்கிட்டேன்."