சபைக் கடிகாரமும் அண்ணியின் தம்பியும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கு எல்லோரும் நலம், அண்ணியின் தம்பியான உங்கள் மச்சான் நீங்கலாக. அவர் இதற்குள் உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருப்பார். என் பக்கத்தையும் கேளுங்கள்.

"புஸ்தகமே கதின்னு கிடக்காதே, சர்ச்சுக்குப் போ, நாலு பேரோட பழகு" என்றது நீங்கள். போனேன். நகரசபைத் தேர்தலில் நிற்கப்போகும் மச்சானுக்காக வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கச் சொன்னதும் நீங்கள். கொடுத்தேன். போதகர் "கடைசியாக ஒன்று" என்ற பிறகுதான் பிரசங்கமே தொடங்கும் என்பதையும், மச்சான் "ரெண்டே நிமிஷம்" என்று மைக்கைப் பிடித்தால் டீயில் ஏடு படிந்துவிடும் என்பதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது சபைக் கூடத்துக் கடிகாரம். அரை மணி நேரம் முன்னால் ஓடியது. சிலுவைக்கு நேர் கீழே அப்படி ஒரு பொய். வேட்புமனுவுக்குக் கடைசி நாளன்று காலை, நாற்காலி போட்டு ஏறிச் சரியாக வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சபையார் நேரத்துக்கு வரட்டும் என்று மணி அடிப்பவர்தான் அதை அப்படி வைத்திருந்தாராம். அது சபையார் அனைவருக்கும் தெரியுமாம். அதனால் எல்லோரும் மனசுக்குள் அரை மணி கழித்துக்கொள்வார்களாம். இதை எனக்கு யார் சொன்னார்கள்?

அன்றே, மனு கொடுக்கப் போகும் மச்சானை ஜெபித்து அனுப்பக் கூடினோம். வழக்கப்படி கைபேசிகளைக் காணிக்கைப் பையில் வாங்கி வைத்துவிட்டார்கள்.

"மச்சான், மணி ஆச்சு, கிளம்புங்க."

"அது சர்ச்சுக் கடிகாரம்மா. அரை மணி கழிச்சுக்கோ. இவ்வளவு படிச்சும் இது தெரியலையே."

"புதுசுதானே, பழகிடும்" என்றார் மணி அடிப்பவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் போதகர் "கடைசியாக ஒன்று" என்றார். எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். ஜெபத்துக்கு நடுவே பேசியவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

போய்ச் சேர்ந்தபோது தேர்தல் அதிகாரி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ரெண்டே நிமிஷம்."

"உங்க கூட்டத்தை நானும் கேட்டிருக்கேன் சார்" என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகவே சபைக்கும் அரசியலுக்கும் ஒரு பெரிய கும்பிடு. இனி நான் உண்டு, என் வீடு உண்டு. அண்ணிக்கு என் அன்பு. வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போது கொடுங்கள். தேவன் உங்கள் வீட்டைக் காப்பாராக.

உங்கள் தங்கை

பி.கு.: எதிர்த்து நிற்க இருந்த மருந்துக்கடைக்காரரும் நம் சபைதான். அதே ஜெபத்தில் பின்வரிசையில் கண்மூடியிருந்தாராம். ஒரு மனுவும் வராததால் தேர்தலை மறுபடி வைக்கிறார்கள். நேரம் தெரிந்த ஒரே ஆள் என்று இரு தரப்பும் என்னையே நிற்கச் சொல்கின்றன, முன்மொழிந்தது மச்சான். சரி என்றுவிட்டேன். இப்போது யாரும் மனசுக்குள் அரை மணி கழிப்பதில்லை. ஆகவே கடிகாரத்தைத் திரும்பவும் அரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். இந்த முறையும் யாரிடமும் சொல்லவில்லை.