கேங்மேன் எடுத்துக் கொடுத்த தாலி

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. ஒன்றுமே தெரியாதவனாவது பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். (அந்த அடக்கம் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

அப்போது நான் புனாவை ஒட்டிய கட்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து இரண்டு வருடம். தெரிந்த மராத்திச் சொற்கள் ஒன்பது. எட்டு, காய்கறிகள். ஒன்பதாவது ‘தரோடா’, அதாவது கொள்ளை. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படிப்பவர் புண்ணியத்தில் வந்தது.

பம்பாயில் மறுநாள் காலை என் தம்பிக்குக் கல்யாணம். கட்கியில் பட்டறை வைத்திருந்த எங்கள் ஊர் ஆசாரி செய்து கொடுத்த தாலியை இடுப்பில் முடிந்துகொண்டு புனாவில் ரயிலேறினேன். அடைமழை. மலைப்பாதையில் வண்டி கிறீச்சிட்டு நின்றது. தலையில் கோணிப்பை, தோளில் கடப்பாரை, உடம்பெல்லாம் சேறு. அந்தக் கோலத்தில் ஒருவர் எங்கள் பெட்டியோரம் ஓடிவந்து கத்தினார்:

“புடே தரட் படலி! தரட்!”

என் காதில் விழுந்தது தரோடா. தாலியை அவிழ்த்து, ஜன்னல் கம்பி வழியாக நானே அவர் கையில் திணித்து, “லேலோ சாமி! ஆள விட்டுடுங்க!” என்று கும்பிட்டேன். (கேட்காமலே கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

அவர் தாலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்து சீட்டு பாய், வேலூர்ப்பக்கத்துத் தோல் வியாபாரி, தலையில் அடித்துக்கொண்டார்.

“யோவ் தம்பி! தரோடா இல்லய்யா, தரட்! முன்னால மல சரிஞ்சு தண்டவாளத்துல கெடக்குது. இவரு லைன் பாக்குற கேங்மேன். ஓடியாந்து செவப்புக் கொடி காட்டலேன்னா, நீ தாலியோட பள்ளத்துல கெடந்திருப்ப!”

எட்டிப் பார்த்தேன். வளைவில் யானை அளவுக்கு ஒரு பாறை. மறுபடி நடுங்கினேன். (இந்த முறை காரணம் சரி.)

சரிவுக்கு அந்தப் பக்கம் வேறு ரயில் வந்தது. சேற்றில் நடக்க என் கால்கள் சம்மதிக்காததால், கேங்மேன்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பாய் கல்யாண விஷயத்தைச் சொல்லியிருப்பார் போல. ஏறும்போது, அதுவரை தன்னிடமே இருந்த தாலியை மழையிலேயே கழுவி, இரண்டு கையாலும் நீட்டி, “நவரீலா ஆஷீர்வாத்” என்றார். மணப்பெண்ணுக்கு ஆசீர்வாதம். ‘தரட்’ பத்தாவது என்றால் ‘நவரீ’ என் பதினோராவது மராத்திச் சொல், இதைத் தப்பாகக் கேட்கவில்லை.

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரைக் கேட்கத்தான் தோன்றவில்லை. அதனால் இன்றைக்கும் அந்த மலைப்பாதையில் எந்த கேங்மேனைக் கண்டாலும் ஜன்னல் வழியாகக் கைநீட்டிக் கும்பிடுகிறேன். தம்பி மனைவி கூட இருந்தால் உடனே கழுத்தைப் பொத்திக்கொள்வாள்.

“கும்பிட்டது போதும் மாமா, கைய உள்ள எடுத்துக்குங்க. என் தாலி எங்கிட்டயே இருக்கட்டும்!”