சூடேற்றும் வீச்சு

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தப் புத்தகக் கடையின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. வரிசையில் இருபத்திரண்டு பேர். அவர்களுள் பத்தொன்பது பேர் பட்டதாரிகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வெட்கப்பட உதவும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். அதில் வலிமை, வேகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என ஆறு வெற்றுக் கட்டங்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் விளையாட்டு அது. உங்கள் ஆள் மாவீரனா, நோஞ்சானா என்பதை அந்தக் கட்டங்களே தீர்மானிக்கும். நான்கு பகடைகளை உருட்ட வேண்டும்; மிகச் சிறிய எண்ணைத் தள்ளிவிட்டு மற்ற மூன்றையும் கூட்டி எழுத வேண்டும். இப்படி ஆறு முறை. குழந்தைக்கும் புரியும் விதி. ஆகவே பெரியவர்களுக்கு ஒரு குரு தேவைப்பட்டார்.

குருவின் பெயர் கைராசியார். சென்ற ஆண்டுவரை திரைச்சீலை விற்றவர். அவர் உருட்டித் தந்த தாளில் பதினைந்துக்குக் குறைந்த எண் இருந்ததே இல்லை. முறை எளிது. கண்ணை மூடுவார், கோப்பையைக் குலுக்குவார், கவிழ்ப்பார். ஒன்பது விழுந்தால், அது சூடேற்றும் வீச்சு, கணக்கில் சேராது. எட்டு விழுந்தால், பகடையில் இருந்த கெட்டது வெளியேறுகிறது, அதுவும் சேராது. பதினாறு விழுந்தால், "இறங்கிட்டான், எழுதிக்கோங்க" என்பார். கூட்டம் கன்னத்தில் கை வைத்து வியக்கும். எழுதும்.

வந்தவர்களின் பகடைகளையும் அவர் சோதிப்பார். காதருகே வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். உயிர் போய்விட்டதாம். செத்த பகடைகள் இடப்பக்க டப்பாவுக்குள் விழும். உயிரேற்றியவை வலப்பக்க டப்பாவிலிருந்து விற்பனையாகும். இடப்பக்க டப்பா ஏன் நிரம்புவதே இல்லை என்று பட்டதாரி ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்தில் அகப்பட்டவள் ஒரு தையற்காரி. வாரத்தில் ஆறு நாள் பள்ளிச் சீருடைகளுக்கு மடிப்புத் தைப்பாள். ஏழாம் நாள் மூன்று மணி நேரம் குகைத் திருடியாக இருப்பாள். சென்ற மாதம் அவளுடைய திருடி பாதாளத்தில் விழுந்து இறந்தாள். புதியவளை உருவாக்க வந்தவளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த கைராசியார், "இது செத்த கை" என்று அறிவித்தார். அவளுடைய பச்சைப் பகடைகள் நான்கும் இடப்பக்க டப்பாவுக்குள் போயின. அதோடு விடவில்லை. செத்த கை ஒட்டுவாரொட்டியாம். ஒரே மேசையில் அமர்ந்தால் எல்லாருடைய வீச்சும் படுத்துவிடுமாம்.

அவள் ஆடும் மேசையின் கதைசொல்லி, அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஒரு பல் மருத்துவர். கிருமிகளை நுண்ணோக்கியில் பார்த்துப் படித்தவர். இந்தக் கிருமியைப் பார்க்காமலே நம்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமைக்குள் கை குணமாகாவிட்டால் நாற்காலியை வேறொருவருக்குத் தர நேரும் என்று மிகுந்த பணிவோடு சொன்னார்.

தையற்காரி தன் அண்ணியிடம் சொல்லி அழுதாள். அண்ணிக்கு பிஸ்கட் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. விளையாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு, "உடைஞ்ச பிஸ்கட்டையெல்லாம் மேசைக்கு அடியில தள்ளிவிட்டா, எங்க ஆலையிலயும் எல்லாம் முழு பிஸ்கட்தான்" என்றாள். அந்தச் சனிக்கிழமை நாத்தனாரோடு தானும் மாடியேறினாள், ஒரு குறிப்பேட்டுடன்.

அண்ணி முதலில் குறிப்பேட்டைத் திறந்தாள். பல் மருத்துவரின் ஆறு கட்டங்களை நிரப்பக் கைராசியார் முப்பத்தெட்டு முறை உருட்டினார். முப்பத்தெட்டுக்கும் கோடு போட்டாள். பிறகு எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். இனிமே பகடை கையில இருக்கும்போதே சொல்லிடுங்க. இது சூடேத்துற வீச்சா, எழுதுற வீச்சா?"

கைராசியார் கருணையோடு சிரித்தார். "உனக்கு வித்தை புரியலம்மா. கையில இருக்கும்போது எப்படிச் சொல்றது? விழுந்து பார்த்தாதானே தெரியும்."

"அப்போ ராசி உங்க கையில இல்ல. வாயிலதான் இருக்கு."

வரிசையின் கடைசியில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு படிப்படியாக மேலேறி வந்தது. பல் மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுக் கோடுகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறு முறை முன்கூட்டியே சொல்லிவிட்டு உருட்டும்படி குருவைக் கேட்டுக்கொண்டார். மறுக்க வழியில்லை. ஒன்பது. பதின்மூன்று. பதினொன்று. ஏழு. பதினான்கு. பன்னிரண்டு. காற்றோட்டம் சரியில்லை என்றார் கைராசியார். ஒருவர் சன்னலைத் திறந்துவிட்டார்.

அடுத்து, செத்த கையின் முறை. பல் மருத்துவர் தாம் புதிதாக வாங்கிய உயிரேற்றிய பகடைகளைத் தையற்காரியிடம் நீட்டினார். பச்சைப் பகடைகள். அவள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட வடு.

"டாக்டர், இது என்னோடது. போன வாரம் செத்துப்போச்சுன்னு வாங்கி வெச்சாரு."

இருபத்திரண்டு தலைகளும் இடப்பக்க டப்பாவை நோக்கித் திரும்பின. கைராசியார் இரு டப்பாக்களையும் விட்டுவிட்டுப் படியிறங்கினார். திரைச்சீலை விற்றவருக்கு, எப்போது மூடுவது என்பது தெரிந்திருந்தது.

அவள் உருட்டினாள். பன்னிரண்டு, பத்து, பதினைந்து, எட்டு, பதின்மூன்று, பதினொன்று. குருவைவிட மொத்தத்தில் மூன்று அதிகம். அதற்குப் பொருள் ஏதும் இல்லை. பல் மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு அவளுக்குரிய நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அமர்ந்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் வரிசையின் முதல் ஆள் தம் தாளை அவளிடம் நீட்டினார். "அக்கா, குருவையே ஜெயிச்ச கை. எனக்கும் ஒரு தடவை உருட்டிக் குடுங்களேன்."

அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் தாளை நீட்டினார்கள். அண்ணி குறிப்பேட்டை மூடினாள்.

"உங்க கைக்கு என்ன கேடு?" என்றாள் தையற்காரி.

தாளில் ஆறு கட்டங்கள் உண்டு. ஐந்தாவது, விவேகம். விளையாட்டில் அதைப் பகடை நிரப்பித் தரும். மாடிப்படி இறங்கியபின் அதை நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான். அங்கே சூடேற்றும் வீச்சு கிடையாது.