புது நேரம், பழைய நேரம்

மாத்திரையை விழுங்க முன்னரே இராமையாவின் இரத்தத்தில் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது.

ஆய்வு உதவியாளர் தேவராசா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உள்ளூரில் செய்த புதிய பரசிட்டமோல் மாத்திரை இரத்தத்தில் எப்படி ஏறி இறங்குகிறது என்று சுகதேகிகளான பன்னிரண்டு பேரிடம் பார்க்கும் ஆய்வு அது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து இராமையா அதில் ஒருவர். முன்பெல்லாம் கணக்குப் போட்டு, கோடு கீறி, அறிக்கை எழுத ஒரு மாதம் போகும். இப்போது நேரத்தையும் அளவையும் கொடுத்தால் மென்பொருளே எல்லாவற்றையும் எழுதிவிடும். அதை வாங்கச் சொல்லிப் பேராசிரியர் பத்மாதேவியை நச்சரித்தவர் தேவராசாதான். இன்று பின்னேரத்துக்குள் அறிக்கை கொழும்புக்குப் போகாவிட்டால் மென்பொருளோடு அவருடைய தற்காலிக வேலையும் போய்விடும்.

அவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. புதுவருடத்தோடு அரசாங்கம் மணிக்கூடுகளை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளியிருந்தது. கண்டியில் பாதிப் பேர் புது நேரம், மீதிப் பேர் பழைய நேரம். தாதி ஜெஸீமாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இராமையாவுக்கு மாத்திரை குடுத்ததைப் பழைய நேரத்திலை எழுதிப்போட்டீர்."

"இல்ல சேர், புது நேரம்தான். மொதல்ல ரத்தம் எடுத்துத்தான் மாத்திர குடுத்த."

"மணிக்கூட்டைக் காட்டும்."

காட்டினாள். புது நேரம்தான்.

"அண்டைக்கு?"

"அண்டைக்கும் இதே மணிக்கூடுதான். இதே கைதான் சேர்."

தேவராசா நம்பவில்லை. மனிதர்கள் பிழை விடுவார்கள் என்றுதானே மென்பொருளே வாங்கியது! இராமையா மாத்திரை விழுங்கிய நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார். மென்பொருளுக்கு ஓரவஞ்சனை தெரியாது. எல்லாருக்கும் குறைத்துவிட்டு, இந்த மாத்திரை படு மந்தம் என்று அறிக்கை எழுதியது. பதறிப்போய்த் திரும்பக் கூட்டினார். பதற்றத்தில் இரண்டு தரம் அழுத்திவிட்டார். இப்போது பன்னிரண்டு பேருக்கும் விழுங்க முன்னரே மருந்து ஏறியிருந்தது. நினைத்த மாத்திரத்தில் வேலை செய்யும் மாத்திரை!

பத்மாதேவி அறைக்குள் வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தேவராசா, விழுங்கத் தேவையில்லாத மருந்தோ?"

"மணிக்கூட்டுப் பிரச்சினை, மடம்."

"எல்லாத்தையும் பழையபடி மாத்தும். இராமையாவுக்கு மட்டும், தாதி நேரத்தைப் பிழையா எழுதினவ எண்டு ஒரு வரி போட்டு அனுப்பும்."

அவர் போனதும் ஜெஸீமா கெஞ்சினாள்.

"அந்த வரி போனா என்னய நிப்பாட்டிருவாங்க சேர்."

தேவராசாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு வேலையில் ஒரு வேலை போகத்தான் வேண்டும் என்றால், அது தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். வரியைப் போட்டார். அனுப்பினார்.

அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு, கடைசிப் பரிசோதனைக்காக இராமையா வந்து கதவடியில் நின்றார். ஜெஸீமா விடவில்லை.

"சேர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் எடுத்த பொறகுதானே மாத்திர குடுத்த?"

"ஆமாங்க ஐயா, தாதியம்மா எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சாங்க" என்றார் இராமையா. "அதுக்கு முதல் நாள் ராத்திரி லயத்து வீடுங்கள்ல ஆமி செக்கிங்னு விடியவிடிய நிக்க வச்சதுல எனக்குத்தான் மண்டையிடி. நீங்க சுகதேகிதான் வேணும்னு சொல்லிட்டீங்களே, அதான் வரும்போதே ரெண்டு பரசிட்டமோல் போட்டுட்டு சுகதேகியா வந்தேங்க!"