சறுக்குவண்டியில் நடந்த அவசரக் கூட்டம்

நாயை முறையாக மதிக்கத் தெரிந்த அமைப்பு உலகத்திலேயே ஒன்றுதான்: எங்கள் ஊர் ‘சறுக்குவண்டி நாய்கள் கௌரவக் குழு’. அதன் செயலாளன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு அறிவிக்கிறேன். இதுவரை நூற்று நாற்பது கூட்டங்கள். அத்தனைக்கும் தலைவி அர்னாயராக் அம்மையார் பனி ஸ்கூட்டரில்தான் வந்தார். நாய்களைச் சிரமப்படுத்தக் கூடாதல்லவா!

இந்த வசந்தத்தில் குழு உச்சத்தைத் தொட்டது. கிரீன்லாந்திலேயே பெரிய ‘நாய்ப் பெருமை மண்டபம்’ கட்டுவதென்றும், மீனவர் உல்லோரியாக் தன் பதினோரு நாய்களைக் கட்டிவைத்திருக்கும் பாறைமேடே அதற்கு ஏற்றதென்றும் முடிவாயிற்று. மண்டபத்தில் நாள் முழுக்க நாய் ஊளை ஒலிபரப்பாகும். பக்கத்தில் நிஜ நாய்கள் ஊளையிட்டால் ஒலித்தரம் கெடும். ஆகவே அவை வேறிடம் போகவேண்டும். வேறிடம் எது என்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கட்டிப்போட இடமில்லாமல் அவிழ்ந்து திரியும் நாய்க்கு எங்கள் ஊர்ச் சட்டப்படி துப்பாக்கிதான்.

உல்லோரியாக் கோபப்படவில்லை. “வேற எடம் எதுன்னு நீங்களே வந்து காட்டுங்க, தலைவியம்மா. வண்டி ரெடி” என்றார்.

தலைவி, துணைத் தலைவர் யோருட், நான் மூவரும் ஏறினோம். உல்லோரியாக் கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், பதினோரு நாய்களும் விசிறிபோல விரிந்து பாய்ந்தன.

“யோவ், மெதுவா!”

“ரெண்டு நாளா புயல்ல கட்டிக் கெடந்ததுங்க. மெதுவான்னா என்னன்னு இப்ப அதுங்களுக்குப் புரியாது.”

சரிவு வந்தது. வேகம் குறைய, வண்டிக்கடியில் சங்கிலியைப் போட வேண்டும். சங்கிலியோ உல்லோரியாக்கின் மடியில் குழந்தைபோல் கிடந்தது.

“சங்கிலியப் போடுய்யா!”

“போடறேன். பாறைமேடு யாருக்கு?”

“அடுத்த கூட்டத்துல பரிசீலிக்கிறோம்!” என்றார் தலைவி.

“அடுத்த கூட்டம் கடலுக்குள்ளயா? அந்தா, பனி முடியுது பாருங்க.”

“பாதி மேடு!”

“அப்போ பாதிச் சங்கிலி.”

“முக்கால்!” என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூவினார் யோருட்.

“நாய்ங்க பதினொண்ணு சார். மிச்சக் காலுக்கு எந்த ரெண்டே முக்கால் நாயச் சுடப் போறீங்க?”

“முழுசும் உனக்கே! செயலாளர், எழுதுங்க!” என்று அலறினார் தலைவி.

எழுதினேன். எழுத்துகள் தாளில் மான்போலத் துள்ளின. சங்கிலி விழுந்தது. தண்ணீருக்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது. நாய்கள் திரும்பி, ‘அவ்வளவுதானா?’ என்பதுபோல் எங்களைப் பார்த்தன.

தலைவி இறங்கிப் பனியைத் தட்டினார். கூடவே கம்பீரமும் திரும்பியது. “ஓட்டத்துல எடுத்த தீர்மானம் செல்லாது. விதி பன்னெண்டு: உறுப்பினர்கள் அமர்ந்திருக்கணும்.”

“ஓடினது நாய்ங்கதானே?” என்றார் உல்லோரியாக். “நீங்க மூணு பேரும் உக்காந்துதானே வந்தீங்க?”

விதியை ஆழ்ந்து ஆராய்ந்தோம். ஊர் ஆறு கிலோமீட்டர், எல்லாம் ஏற்றம். வேறு வண்டியும் இல்லை. தீர்மானம் செல்லும் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

எங்கள் குழு ‘முன்னேறியது’ என்று கூட்டக் குறிப்பில் நான் பொய்யில்லாமல் எழுதியிருப்பது அந்த ஆறு கிலோமீட்டரைப் பற்றி மட்டும்தான். அந்தத் தூரமும் எங்களை நாய்கள்தான் இழுத்தன.